மாட்டுக் கணக்கில் வந்த கொரோனா பணம்: இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே பதில்

வாசகர் கேள்வி:

மத்திய டெக்சாஸில் நானும் மனைவியும் ஒரு சிறிய மாட்டுப் பண்ணை நடத்துகிறோம். எனக்கு முழுநேர மென்பொருள் வேலையும் இருக்கிறது. 2020 வசந்தத்தில் எங்கள் பட்டியில் 38 தாய்ப்பசு, 2 பொலிகாளை, 24 கன்று, ஆக 64 உருப்படிகள் இருந்தன. வசந்தத்துக்கு முன் 12 கன்றுகளை விற்றிருந்தோம். சில வெள்ளாடுகளும் உண்டு. அரசு விவசாயிகளுக்குக் கொடுத்த கொரோனா உதவிக்கு இரண்டு சுற்றிலும் விண்ணப்பித்தோம். முதலில் 3,336 டாலரும் பிறகு 3,520 டாலரும் வந்தன. எங்களுக்கு வரிக் கணக்கு எழுதித் தருபவர், மக்களுக்கெல்லாம் வந்த ஊக்கத்தொகையைப் போல இதற்கும் வரி கிடையாது என்று சொல்லி, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது ஒரே மாதத்தில் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. வருமான வரித் துறை, 6,856 டாலரைக் காட்டவில்லை என்று சிபி 2000 அனுப்பியிருக்கிறது. வேளாண் துறையின் பண்ணைச் சேவைப் பிரிவான எஃப்.எஸ்.ஏ.வின் கவுண்டி அலுவலகம், இரண்டாம் சுற்றில் நாங்கள் சொன்ன 64 மாடுகளுக்கு ஆதாரம் கேட்கிறது. இனப்பெருக்க மாடுகளுக்கு அந்தச் சுற்றில் பணம் கிடையாது என்பதை இப்போதுதான் அறிந்தேன். "பசுக்களையும் விற்கத்தான் வைத்திருந்தோம் என்று எழுதிக்கொடுத்துவிடு" என்கிறார் ஒரு நண்பர். அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். மனைவிக்கு இரவில் தூக்கமில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவிக்கு. இந்த இரண்டு கடிதங்களும் குற்றச்சாட்டு அல்ல. சிபி 2000 என்பது, உங்கள் கணக்கும் அரசிடம் உள்ள தாளும் ஒத்துப்போகவில்லை என்று கணினி கண்டுபிடித்து அனுப்பும் முன்மொழிவு. வரி விதித்துவிட்டதாகச் சொல்லும் உத்தரவு அல்ல. எஃப்.எஸ்.ஏ. கேட்டிருப்பது சரிபார்ப்பு. நேரில் யாரும் போக முடியாத காலத்தில், தொலைபேசியில் விவரம் கேட்டு, விவசாயி சொன்ன எண்ணிக்கையை நம்பி, கையெழுத்து மட்டும் வாங்கிக் கொடுத்த பணம் அது. பின்னால் சரிபார்ப்பு வரும் என்று விண்ணப்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். உங்கள் நிலைமையைச் சரிசெய்துவிடலாம். கெடுத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு, அது உங்கள் நண்பர் சொன்ன வழி.

நண்பர் சொன்னதை ஏன் செய்யக்கூடாது என்பதற்கு உங்கள் வரிக் கணக்கே சாட்சி. விலைக்கு வாங்கிய தாய்ப்பசுக்களை இனப்பெருக்கச் சொத்தாகக் காட்டி ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம் கழித்திருப்பீர்கள். டெக்சாஸில் சிறு பண்ணை வைத்திருப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது, அதில் தவறும் இல்லை. ஆனால் அதே பசுவை எஃப்.எஸ்.ஏ.விடம் "விற்பனைக்கு வைத்திருந்த மாடு" என்று எழுதிக் கொடுத்தால், ஒரே மாட்டைப் பற்றி மத்திய அரசின் இரண்டு அலுவலகங்களில் இரண்டு கதை பதிவாகும். நிலத்துக்கு விவசாய மதிப்பீட்டுச் சலுகை கேட்டுக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்த தாளிலும் மாடுகளின் விவரம் இருக்கும். இதுவரை உங்களிடம் இருப்பது விதியைச் சரியாகப் படிக்காததால் நேர்ந்த பிழை. தெரிந்துகொண்டே இன்று ஒரு பொய்யில் கையெழுத்திட்டால், மத்திய அரசுத் துறையிடம் பொய்யான தகவல் தந்த குற்றமாகிவிடும். அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இரண்டாயிரம் டாலர் சொச்சத்துக்காக இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பிழை எப்படி நேர்ந்தது என்பது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் இரண்டு சுற்றுகளுக்கும் விதி ஒன்றல்ல. 2020 ஏப்ரலில் இறைச்சிக் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸில் பன்றி இறைச்சிக் கூடமும், கொலராடோவின் கிரீலியில் மாட்டிறைச்சிக் கூடமும் தொழிலாளர்களுக்குத் தொற்று பரவி நின்றன. வெட்டுவதற்கு ஆளில்லை என்றால் விற்பதற்கு ஏது விலை? அந்த இழப்புக்குத்தான் கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம், சுருக்கமாக சிஎஃப்ஏபி, வந்தது. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் 5 சதவீதமோ அதற்கு மேலோ விலை சரிந்த பொருட்களுக்கு முதல் சுற்றில் பணம் கொடுத்தார்கள். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற மாடுகளுக்கு ஒரு விகிதம். 600 பவுண்டுக்குக் குறைந்த கன்றென்றால் தலைக்கு 102 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையிருப்பில் இருந்த மாடுகளுக்குத் தலைக்கு 33 டாலர். இந்தக் கையிருப்பில் தாய்ப்பசுவும் பொலிகாளையும் "மற்ற மாடுகள்" என்ற பிரிவில் சேர்ந்தன. 64 உருப்படிக்கு 2,112 டாலர், வசந்தத்துக்கு முன் விற்ற 12 கன்றுகளுக்கு 1,224 டாலர், மொத்தம் 3,336. உங்கள் முதல் தொகை காசு மாறாமல் பொருந்துகிறது. அதை யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை, விற்பனைச் சீட்டும் கையிருப்புக்கான ஆதாரமும் இருக்கும்வரை.

செப்டம்பர் 21 அன்று தொடங்கிய இரண்டாம் சுற்றில் விகிதம் ஒரே தொகையாக, தலைக்கு 55 டாலராக மாறியது. கூடவே "இனப்பெருக்க மாடுகள் நீங்கலாக" என்ற நிபந்தனையும் வந்தது. முதல் சுற்றின் எண்ணிக்கையை அப்படியே இரண்டாவதிலும் சொன்னவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. 64 பெருக்கல் 55, மொத்தம் 3,520. 38 பசுவும் 2 காளையும் கழிந்தால் மிஞ்சுவது 24 கன்று, 1,320 டாலர். அப்படிப் பார்த்தால் 2,200 டாலர் திருப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் அந்த எண்ணிக்கையை உடனே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். 24 கன்று என்பது வசந்தகாலக் கணக்கு. இரண்டாம் சுற்றின் விதியை மறுபடி படியுங்கள்: 2020 ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான காலத்தில், விவசாயி தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஒரு நாளில் சொந்தமாக வைத்திருந்த அதிகபட்ச உருப்படிகள். 38 பசுக்கள் உள்ள பட்டியில் மே, ஜூன் மாதங்களில் ஒன்றுமே ஈனவில்லையா? கன்று பிறந்த தேதியை எழுதி வைத்த நோட்டு, காதுவில்லை எண்கள், காயடித்ததற்கும் தடுப்பூசி போட்டதற்கும் கால்நடை மருத்துவர் தந்த ரசீது, பின்னால் ஏலக் கூடத்தில் விற்றபோது கிடைத்த எடைச் சீட்டு, இவற்றையெல்லாம் எடுத்து மேசையில் பரப்புங்கள். எதையும் விற்பதற்கு முன்பு, ஜூலையில் ஒரு நாள், 33 கன்றுகள் இருந்தன என்று காட்ட முடிந்தால், தகுதியுள்ள எண்ணிக்கை 33. திருப்ப வேண்டியது 31 உருப்படிக்கான 1,705 டாலர்தான். இதில் குறுக்குவழி எதுவும் இல்லை, விதியே உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை இது. இலையுதிர் காலத்தில் விற்ற கன்றின் எடையை வைத்து அது எப்போது பிறந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவதும் துணை ஆதாரமாகும். நோட்டும் ரசீதும் இருந்தால் அவற்றை முதலில் வையுங்கள்.

பசுவாக வளர்ப்பதற்கென்று நிறுத்தி வைத்த கிடாரிகள் இருந்தால் அவற்றைக் கன்றுகளோடு கலக்காமல் தனி வரியில் எழுதுங்கள். எந்த வயதில், என்ன நோக்கத்துக்காக வைத்திருந்தீர்கள் என்பதைச் சொல்லி, சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவை அலுவலகத்திடம் விட்டுவிடுங்கள்.

அலுவலகத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதல் சுற்றில் பசுக்கள் சேர்ந்ததால் இரண்டாவதிலும் சேரும் என்று நினைத்து 64 என்று சொன்னோம், இனப்பெருக்க மாடுகள் இத்தனை, அவை போக மிஞ்சியவை இத்தனை, ஆதாரங்கள் இணைக்கப்பட்டுள்ளன, அதிகப்படியான தொகையைத் திருப்பத் தயாராக இருக்கிறோம். இவ்வளவு போதும். கடிதத்தில் கொடுத்திருக்கும் தேதிக்கு முன்பே கொடுங்கள், நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். பதில் போடாமல் இருந்தால் இரண்டாம் சுற்றின் முழுத் தொகைக்குமே ஆதாரமில்லை என்று முடிவுகட்டி, 3,520 டாலரையும் வட்டியோடு கேட்க இடம் கொடுத்தவர்களாவீர்கள்.

அன்று தொலைபேசியில் பேசிய ஊழியரே "முன்பு சொன்ன எண்ணிக்கையையே போட்டுவிடலாம்" என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஊழியர் தந்த தவறான தகவலை நல்லெண்ணத்தோடு நம்பி நடந்தவருக்கு விலக்கு கொடுக்க எஃப்.எஸ்.ஏ. விதிகளில் இடமுண்டு. அந்தக் காலத்து மின்னஞ்சல் இருந்தால் வலு கூடும். ஆனால் அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் சொன்னதாக எழுத வேண்டாம். அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இந்த விலக்கை நம்பி, திருப்ப வேண்டிய பணத்தைச் செலவழித்துவிடவும் வேண்டாம்.

அலுவலகத்தின் இறுதி முடிவு உங்களுக்குச் சரியாகப் படவில்லையென்றால் 30 நாட்களுக்குள் மேலே போகலாம். உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம், சமரசப் பேச்சு கேட்கலாம், வேளாண் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவுக்கும் போகலாம். கவுண்டிக் குழுவில் இருப்பவர்கள் மாடு வளர்ப்பவர்கள். கன்று எப்போது பிறக்கும், எப்போது விற்கும் என்பதை அவர்களுக்கு நீங்கள் பாடம் நடத்த வேண்டியிருக்காது. நானாக இருந்தால் அங்கேதான் முதலில் போவேன்.

இனி வரித் துறையின் கடிதம். உங்கள் கணக்காளர் சொன்னது தவறு. தனிமனிதர்களுக்கு வந்த ஊக்கத்தொகைக்கு வரி இல்லை, தொழில்களுக்குக் கொடுத்துத் தள்ளுபடி செய்த பிபிபி கடனுக்கும் இல்லை. சிஎஃப்ஏபி பணத்துக்கு அப்படி ஒரு விலக்கை நாடாளுமன்றம் தரவில்லை. விற்க முடியாமல் போன, அல்லது குறைந்த விலைக்குப் போன மாட்டுக்கு ஈடாக வந்த பணம் அது. மாட்டை நல்ல விலைக்கு விற்றிருந்தால் எப்படி வருமானமோ, அப்படியே இதுவும் பண்ணை வருமானம். 2021 தொடக்கத்தில் அரசிடமிருந்து பெற்ற பணத்தைக் காட்டும் 1099-ஜி என்ற தாள் உங்களுக்கு வந்திருக்கும், அதன் ஏழாம் கட்டத்தில் இந்தத் தொகை இருக்கும். அது, பண்ணையின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் எஃப் படிவத்தில் 4ஏ என்று எண்ணிட்ட இடத்தில் ஏற வேண்டும். வருமானத்தை ஒப்புக்கொள்ளுங்கள். அதில் வாதாட ஒன்றுமில்லை.

கடிதத்தில் போட்டிருக்கும் வரித் தொகையை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். 6,856 டாலரைத் தனி வருமானமாக எடுத்து, அதன்மேல் சுயதொழில் வரியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி ஷெட்யூல் எஃப்-இன் நிகர லாபத்தின் மீதுதான் வரும். தீவனம், வைக்கோல், வேலி, மருந்து, தேய்மானம் எல்லாம் கழித்து 2020இல் உங்கள் பண்ணை, பேச்சுக்கு, 11,400 டாலர் நஷ்டம் காட்டியிருந்தால், இந்தப் பணத்தைச் சேர்த்த பிறகும் 4,544 டாலர் நஷ்டம் மிஞ்சும். லாபமே இல்லாத இடத்தில் சுயதொழில் வரி எங்கிருந்து வரும்? நஷ்டம் குறைந்த அளவுக்கு உங்கள் சம்பளத்தின் மீதான வருமான வரி கூடும், அதைக் கட்ட வேண்டியதுதான். பண்ணை லாபம் காட்டியிருந்தாலும், 2020இல் உங்கள் சம்பளம் 1,37,700 டாலர் என்ற சமூகப் பாதுகாப்பு வரம்பை எட்டியிருந்தால், சுயதொழில் வரியில் 12.4 சதவீதப் பகுதி உங்களுக்கு வராது; மருத்துவக் காப்பீட்டுக்கான 2.9 சதவீதம் மட்டும்தான். இந்தக் கணக்கு கடிதத்தில் சரியாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

20 சதவீத அபராதம் எழுதியிருந்தால் அதற்கும் பதில் உண்டு. குறைத்துக் காட்டிய வரி, சரியான வரியில் 10 சதவீதம் அல்லது 5,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால்தான் அது கணிசமான குறைவு எனப்படும். 6,856 டாலர் வருமானத்துக்கான வரி அந்த அளவை எட்டாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே தாமதம் வேண்டாம். பதில் படிவத்தில் "ஒப்புக்கொள்ளவில்லை" என்பதைக் குறித்து, திருத்திய ஷெட்யூல் எஃப்-ஐயும் ஒரு விளக்கக் கடிதத்தையும் இணைத்து 30 நாட்களுக்குள் அனுப்புங்கள். ஆவணம் சேர்க்க அவகாசம் தேவைப்பட்டால் கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

இரண்டு கடிதங்களும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எஃப்.எஸ்.ஏ.வுக்கு 1,705 டாலரோ 2,200 டாலரோ திருப்பப் போகிறோமே, ஆகவே வரித் துறையிடம் அதைக் கழித்துக் காட்டலாம் என்று தோன்றும். கூடாது. 2020இல் உங்கள் கைக்கு வந்தது 6,856 டாலர், அந்த ஆண்டின் வருமானம் முழுவதும் அதுதான். திருப்பிக் கொடுக்கும் தொகையை, எந்த ஆண்டு கொடுக்கிறீர்களோ அந்த ஆண்டின் ஷெட்யூல் எஃப்-இல் செலவாகக் கழிக்க வேண்டும். 3,000 டாலருக்கு உட்பட்ட தொகை என்பதால் வேறு சிக்கலான கணக்கு எதுவும் இல்லை. திருப்பிய காசோலையின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு தொகையை நீங்கள் மறந்திருக்கலாம், கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2021 ஏப்ரலில், முதல் சுற்றில் மாட்டுக் கையிருப்புக்குப் பணம் வாங்கியவர்களுக்கு, விண்ணப்பம் கேட்காமலே ஒரு கூடுதல் தொகை வங்கியில் போட்டார்கள். 600 பவுண்டுக்குக் குறைந்த கன்றுக்கு 7 டாலர், மற்ற மாடுகளுக்கு 17.25 டாலர். உங்கள் கணக்குப்படி 24 கன்றுக்கு 168, 40 பெரிய மாட்டுக்கு 690, ஆக 858 டாலர் வந்திருக்க வேண்டும். அது 2021ஆம் ஆண்டின் வருமானம். அந்த ஆண்டுக் கணக்கிலும் அது விடுபட்டிருந்தால் அடுத்த சிபி 2000 வரும்வரை காத்திருக்காமல், இப்போதே திருத்தக் கணக்கு கொடுத்துவிடுங்கள்.

வெள்ளாடுகளைச் சொல்லியிருந்தீர்கள். இரண்டாம் சுற்றில் மாடு, பன்றி, செம்மறி ஆகியவற்றில் சேராத இறைச்சிக் கால்நடைகளுக்கு, 2019 விற்பனையின் முதல் 49,999 டாலர் வரை 10.6 சதவீதம் கொடுத்தார்கள். நீங்கள் அதைக் கேட்கவில்லை போலும். அந்தக் கதவு 2021 அக்டோபர் 12 அன்று மூடிவிட்டது. திருப்ப வேண்டிய தொகையில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லவும் முடியாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. எஃப்.எஸ்.ஏ. அலுவலக வாசலைப் பரம்பரையாக மிதித்தவர்கள் அறிவிப்பு வந்த வாரமே எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். புதிதாக நிலம் வாங்கியவர்களும் சிறிய பட்டி வைத்திருந்தவர்களும் கடைசியில் வந்து, பாதியை விட்டு, மீதியில் பிழை செய்தார்கள். சுமார் 3,100 கோடி டாலர் கொடுத்த ஒரு திட்டத்தில் இது தவிர்த்திருக்கக்கூடிய குறை.

குடியுரிமை விஷயம். என்-400 விண்ணப்பத்தில் வரி பாக்கி உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. சிபி 2000க்குப் பதில் கொடுத்து, முடிவான தொகையைக் கட்டிவிட்டால் பாக்கி இல்லை. ஒரே முறையில் கட்ட முடியாவிட்டால் தவணை ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் தாளை இணைக்கலாம். பண்ணைகளுக்குக் கொடுத்த இந்த உதவி, வறியோருக்கான பொதுநல உதவி அல்ல. அதை வாங்கியது உங்கள் மீது எழுதப்படாது. அதிகமாக வந்ததைத் தானாக முன்வந்து திருப்பியதும் உங்களுக்குக் கெடுதல் இல்லை. நன்னடத்தையைப் பார்க்கும் அதிகாரி அஞ்சுவது பொய்யான கையெழுத்தைத்தான். விண்ணப்பம் போடும் முன் இரண்டு அலுவலகங்களிலிருந்தும் விவகாரம் முடிந்ததற்கான கடிதங்களை வாங்கி, ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தக் கடிதங்கள் வர சில மாதங்கள் பிடிக்கும் என்பதால்தான் இந்த வாரமே தொடங்கச் சொல்கிறேன்.

வேலையின் வரிசை இது: முதலில் கன்று நோட்டையும் ஏலச் சீட்டுகளையும் எடுத்து, 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதவாரியாக ஓர் எண்ணிக்கைப் பட்டியல் போடுங்கள். உங்கள் மனைவியும் கூட உட்காரட்டும், எந்தப் பசு எப்போது ஈன்றது என்பது அவர் நினைவில் இருக்கலாம். அந்தப் பட்டியலில் பசுக்களின் எண்ணிக்கை, வரிக் கணக்கில் தேய்மானம் கழித்த பசுக்களோடும் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த பசுக்களோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்திய பிறகு அதே பட்டியலின் பிரதியை எஃப்.எஸ்.ஏ.வுக்கும், புதிதாக நீங்கள் தேடப்போகும் கணக்காளருக்கும் கொடுங்கள். ஆம், புதியவரைத் தேடுங்கள். நல்லவராகவே இருந்தாலும், 1099-ஜி தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரி இல்லை என்று சொன்னவரிடம் பண்ணைக் கணக்கை இனி கொடுக்க வேண்டாம். கவுண்டியில் மாடு வளர்ப்பவர்கள் யாரிடம் கணக்கு எழுதுகிறார்கள் என்று ஏலக் கூடத்தில் கேட்டாலே இரண்டு பேரைச் சொல்வார்கள்.